சாய்த்து வைத்த ஸ்டூல்

அன்று காலையும் கிட்டுசாமி வாசலருகே கிடந்த மர ஸ்டூலை நிமிர்த்திப் போட்டு, அதில் உட்கார்ந்துதான் ஷூ மாட்டினார். வலது முழங்கால் சரியாக மடங்காது. அதனால் எப்போதும்போல இடப்பக்கம் சாய்ந்துகொண்டு குனிந்தார்.

"வரும்போது கறிவேப்பிலை வாங்கியாரட்டுமா?"

"ஃப்ரிட்ஜ்லயே இருக்குதுங்க" என்றாள் மனைவி வசந்தாமணி.

எழுந்து, ஸ்டூலை ஒருக்களித்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு நடக்கப் போனார். கலிபோர்னியாவின் டப்ளின் ஊர் ஓடைக்கரைப் பாதையில் விழுந்துவிட்டார் என்று யாரோ போன் செய்தபோது தோசைக்கல் அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் திரும்பி வரவில்லை.

அந்த ஸ்டூல் ஓக்லண்ட் வாரச்சந்தையில் வாங்கியது. பிறைபோல வளைந்த இருக்கை, குடைந்தெடுத்த கால்கள், எல்லாம் ஒரே மரம். விற்ற கானா நாட்டு அம்மாள் சொல்லித்தான் கொடுத்தாள்: உட்கார்ந்து எழுந்ததும் சாய்த்து வைக்க வேண்டும், நிமிர்ந்து கிடந்தால் அலைகிற ஆவி ஏதாவது வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட்டுசாமிக்கு அது பிடித்துப்போயிற்று. சொன்ன விலையைக் கொடுத்துத் தூக்கி வந்தார். ஃப்ரீமாண்டில் இருந்த தம்பி கந்தசாமிதான் பொறுக்கவில்லை.

"பேரமே பேசாம வாங்குனியாண்ணா? உன்னப் பார்த்ததுமே கண்டுபுடிச்சிருப்பா, இளிச்சவாயன்னு."

"ஒருத்தன் உக்காந்து கையால குடைஞ்சிருக்கான்டா. அதுல என்னத்தக் கொறைக்கச் சொல்றது?"

அதன்பிறகு எந்த விருந்தானாலும் கந்தசாமி புதியவர்களுக்கு ஸ்டூலைக் காட்டி, "அண்ணன் ஏமாந்த கதை" என்று ஆரம்பிப்பார். கிட்டுசாமியும் சேர்ந்து சிரிப்பார். வசந்தாமணிக்குத்தான் சுருக்கென்றிருக்கும்.

வசந்தாமணி டெக்சாஸில் மகள் ஓவியா வீட்டோடு போய்விடுவதென்று முடிவானதும் கந்தசாமி சாமான்களை ஒழிக்க உதவிக்கு வந்தார். ஸ்டூலைத் தொட்டதும் வசந்தாமணி சொன்னாள்:

"தம்பி, அத அப்படியே வைங்க. விவரந் தெரிஞ்சவங்ககிட்ட ஒருக்கா காட்டோணும். அவரு ஏமாந்தாரா இல்லியான்னு எனக்குத் தெரியோணும்."

கந்தசாமியே அதைக் காரில் ஏற்றினார்.

பெர்க்லியில் ஆப்பிரிக்கக் கைவினைப் பொருள்களை மதிப்பிட்டு வாங்கி விற்கும் ஒரு சிறிய கடை. நடத்திய மார்கரெட் நரைத்த தலைக்காரி. கையுறை போட்டுக்கொண்டு, டார்ச் அடித்து, ஸ்டூலைக் குழந்தையைத் திருப்புவதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"பழைய சாமான். விற்பதற்கென்று செய்ததில்லை, நன்றாகப் புழங்கியது" என்றாள் ஆங்கிலத்தில். "இருக்கையில் இடப்பக்கம் மட்டும் மெருகு ஏறியிருக்கிறது, பாருங்கள். காலில் ஏதோ கோளாறு உள்ள பெரியவர் யாரோ வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். அடியில் செதுக்கு வரிகளில் சிவப்பும் மஞ்சளுமாக அப்பியிருக்கிறதே, இது சடங்கில் பூசியது. இதைப் போலியாகச் செய்ய முடியாது."

கந்தசாமி வாய் பிளந்தார். "அண்ணி! அண்ணன் லேசுப்பட்டவரில்லீங்க. நாந்தான் முட்டாளு."

இத்தனை வருடமாக அவள் கேட்க ஆசைப்பட்ட சொல். வசந்தாமணி சற்று நேரம் அதை அனுபவித்தாள். பிறகு டார்ச் வெளிச்சம் விழுந்த அந்த மெருகைப் பார்த்தாள்.

"அந்தப் பெரியவர் என் கணவர்" என்றாள். "வலது முழங்கால். சிவப்பு குங்குமம், மஞ்சள் சந்தனம். ஆயுத பூஜைக்கு நான் வைத்தது."

ஆயுத பூஜையன்று காருக்கும் லேப்டாப்புக்கும் மிக்ஸிக்கும் பொட்டு வைத்து முடித்தால், கிட்டுசாமி ஸ்டூலைத் தூக்கி வந்து நிற்பார். "இதும் தெனமும் வேலை செய்யுதுல்ல? இதுக்கும் வை" என்பார். மேலே வைத்தால் பேன்ட்டில் ஒட்டும் என்று அடியில்தான் வைப்பாள். அடியைத் துடைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

மார்கரெட் டார்ச்சை அணைத்தாள். கன்னம் சிவந்தது. பிறகு வெட்கத்தோடு சிரித்துவிட்டாள். மறுபடி முதலிலிருந்து பார்த்தாள்.

"அப்படியானால் இது சந்தைக்கென்று செய்ததுதான். வாங்கியபோது புதிதாகவே இருந்திருக்கும். ஆனால் ஒட்டு இல்லை, ஆணி இல்லை. உளி பிடித்த கை நல்ல கை. விற்றவர் இதைப் பழசென்று சொல்லி விற்றாரா?"

"இல்லை. எப்படிச் சாய்த்து வைப்பது என்று மட்டும் சொன்னாள்."

"பிறகென்ன, யாரும் ஏமாற்றவில்லை. இந்தக் கறையைச் சுத்தம் செய்து தரட்டுமா? விற்க வசதியாக இருக்கும்."

"வேண்டாம்" என்று வசந்தாமணி ஸ்டூலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் ஏறியதும் கந்தசாமி கேட்டார்.

"சும்மா இருந்திருக்கலாமில்லீங்க அண்ணி? அந்தம்மா வாயாலயே அண்ணன் ஜெயிச்சிருப்பாரு."

"அவரு உக்காந்த எடத்த வேற ஆரோ உக்காந்ததுன்னு எழுதிக் குடுப்பாங்க. நான் வாங்கிட்டு வரோணுமா?"

கந்தசாமி ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆஸ்டினில் ஓவியா வீட்டு வாசலிலும் ஷூ அலமாரிக்குப் பக்கத்தில்தான் அந்த ஸ்டூல். மருமகன் அதில் உட்கார்ந்து ஷூ மாட்டுகிறான். அவசரத்தில் நிமிர்த்தியபடியே விட்டுப் போவான். கார் தெருமுனை திரும்பியதும் வசந்தாமணி போய்ப் பார்ப்பாள். சில நாள் ஓவியா முந்திக்கொண்டிருப்பாள்.

ஸ்டூல் ஒருக்களித்துச் சுவரோரம் சாய்ந்து கிடக்கும்.