ஒரே ஒரு நீலக் கோடு

"அந்த ஓட்டையை எதோட கட்டியிருக்கீங்க?" என்று கணினித் திரையிலிருந்த படத்தைக் காட்டி மனைவி கேட்டதும், "எதோடயும் கட்டல, கண்ணால பாத்துப் போட்டேன், சரியாத்தான் இருக்கு" என்று அவன் சொன்னதும், "இப்ப சரியாத்தான் இருக்கும், நாளைக்கு ஒரு அளவை மாத்திப் பாருங்க, அப்பத் தெரியும்" என்று அவள் சிரித்ததும்... அதோடு விட்டிருக்கலாம், வாய் சும்மா இருந்தால்தானே. "ஆபீஸ்ல நாலு பேரை விரட்டறது போதாதா, வீட்டுலயும் வந்து மேனேஜர் வேலை பாக்கணுமா? இது என் பொழுதுபோக்கு, என்னை விடு." அதுவும் அவள் தம்பி சோபாவில் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும்போது. "அக்கா, அத்தான் உனக்கு மெமோ குடுத்துட்டாரு" என்று அவன் கிண்டலடிக்க, அவளும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே எழுந்து, கணவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சாப்பாட்டு மேஜையோடு சேர்த்துப் போட்டாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அந்தப் பேச்சு இப்போது ஏன் வந்து நெஞ்சில் உட்கார வேண்டும்... ஞாயிற்றுக்கிழமை வெயில் பின்னறை ஜன்னல் வழியாக இறங்கி, தையல் மெஷின் அளவே உள்ள, உலோகம் கடைகிற அவனுடைய சின்ன லேத்தின் மேல் மினுங்குகிறது, அடுத்த அறையில் அவள் வாரத்துக்கான சட்டைகளுக்கு இஸ்திரி போடுகிறாள், எல்லாம் வழக்கம்போலத்தான். திரையில் இருப்பதுதான் வழக்கம்போல இல்லை. திரையில் எல்லாம் சரியாக இருக்கிறது, சரியாக இருக்கவே கூடாது. அவளுடைய மேஜை விளக்கு மடங்கும் இடத்தில் உடைந்துபோய், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் புத்தக அடுக்கில் சாய்த்து வைத்துக்கொண்டு அலுவலக வரைபடங்களைப் பார்க்கிறாள், 'புதுசு எதுக்கு, நானே செஞ்சு தர்றேன்' என்று மார்தட்டியவன் அவன்தானே. என்ன பெரிய பொருள் அது, ஒரு அலுமினியக் கட்டை, விளக்கின் கம்பி நுழைய ஓர் ஓட்டை, ஓட்டையிலிருந்து வெளியே ஒரு பிளவு, பிளவை இறுக்க ஒரு திருகு. ஆனால் கடைவதற்கு முன் கணினியில் வரைய வேண்டுமே, அங்கேதான் மாட்டிக்கொண்டான். அந்த மென்பொருளில் கோடு போட்டால் மட்டும் போதாது, இந்தக் கோடு எதற்கு இணை, எந்த மையத்திலிருந்து எவ்வளவு தள்ளி என்று ஒன்றோடு ஒன்றைக் கட்டிவைக்க வேண்டும், கட்டாத கோடு நீலமாக நிற்கும், கட்டியது கறுத்துவிடும். அவனுடையது முழுக்க நீலம். முதலில் செய்த கட்டையில் கம்பி நுழையவில்லை, பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று அளந்தது உண்மையில் பன்னிரண்டரை. ஓர் எண்ணைத்தானே மாற்ற வேண்டும் என்று மாற்றினால் பிளவு ஒரு பக்கம் சாயும், திருகு ஓட்டை கட்டையை விட்டு வெளியேறி அந்தரத்தில் தொங்கும், திரை முழுக்கச் சிவப்பு எச்சரிக்கை. எத்தனை முறை கணினியை அறைந்து மூடியிருப்பான்... மூடுகிற சத்தம் அவளுக்குக் கேட்காமலா இருந்திருக்கும்.

இந்த லட்சணத்தில் நேற்று போனில் மைத்துனனிடம் என்ன பெருமை. "ஒரு அளவை மாத்தினா மிச்சமெல்லாம் தானா மாறிடும்டா, அப்படிக் கட்டியிருக்கேன், நாளைக்குச் சாப்பிட வர்றப்ப காட்டறேன்." "யார் சொல்லிக் குடுத்தா அத்தான், அக்காவா?" "உங்க அக்காவுக்கு ஏது நேரம், நானே கத்துக்கிட்டேன்." அவள் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு துண்டை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். இன்றைக்குக் காலையில் முடி வெட்டிக்கொண்டு திரும்பி வந்து, மதியத்துக்குள் எதையாவது ஒப்பேற்றிவிடலாம் என்று உட்கார்ந்தபோது மவுஸ் கீபோர்டுக்கு இடது பக்கம் இருந்தது, அதைக்கூட யோசிக்காமல் வலது பக்கம் இழுத்து வைத்துக்கொண்டான். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பன்னிரண்டரை என்று அடித்தான். ஓட்டை பெரிதானது, பிளவு நடுவிலேயே நின்றது, திருகு தன் இடத்தைத் தானே சரிசெய்துகொண்டது, சுற்றியிருந்த கட்டையும் கொஞ்சம் பருத்து இடம் கொடுத்தது... அடடே, வந்துவிட்டதே என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி சந்தோஷப்பட்டதை நினைத்தால்தான் இப்போது காது மடல் வரை சுடுகிறது. கோடெல்லாம் கறுப்பு. இந்த வீட்டில் இடது கைக்காரி ஒருத்திதான்.

முடி வெட்டப் போயிருந்த நேரத்தில், வந்துவிடுவானோ என்று வாசலையும் பார்த்துக்கொண்டு, அவளுடைய சொந்த வீட்டில் அவளே திருடி மாதிரி... அப்படி அவளை ஆக்கியது யார்? தம்பி முன்னால் புருஷன் அசடு வழியக் கூடாது என்று செய்திருக்கிறாள். இல்லை, பரிதாபப்பட்டுச் செய்தாளோ, பரிதாபம் என்றால் அது இன்னும் கேவலம் இல்லையா. கோபமாக இருந்தால் என்ன, திட்டித் தொலைத்திருக்கலாமே. கல்லூரியில் வணிகவியல் வகுப்பில் 'தெரியாததைக் கேக்க வெக்கப்படாதீங்க' என்று நாள் தவறாமல் ஓதுகிற வாய் இது, ஊருக்கு உபதேசம். இப்போது என்ன செய்வது, அவள் கட்டியதையெல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்த்துவிட்டுப் பழைய கோணலோடு மைத்துனன் முன்னால் நிற்பதா, அதுவாவது யோக்கியம். ஆனால் அது அவள் கையை இரண்டாம் முறை தட்டிவிடுவது. பேசாமல் காட்டிவிட்டால்? அவள் வாய் திறக்கவே மாட்டாள், அது நிச்சயம், சாம்பாரைப் பரிமாறிக்கொண்டே 'ஆமா, அவரேதான் செஞ்சாரு' என்பாள், அந்த விளக்கு ஒளியில் தினமும் வேலை பார்ப்பாள், நாற்காலி மட்டும் சாப்பாட்டு மேஜையிலேயே கிடக்கும்.

படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தான். அப்போதுதான் கண்ணில் பட்டது, கட்டையின் அடிப்பக்கம், ஓர் ஓரத்தில், ஒரு கோடு மட்டும் நீலம். மவுஸால் பிடித்து இழுத்தான், அசைந்தது, விட்டான், விட்ட இடத்தில் நின்றது. மறந்திருப்பாளோ... அவளா? பம்பு கம்பெனியில் அவள் கையெழுத்துப் போட்ட படத்தில் ஒரு புள்ளி குறை இருக்காது என்று அவளுடைய மேலதிகாரியே சொல்லக் கேட்டிருக்கிறான். நேரமாகிவிட்டதோ, வாசலில் இவன் செருப்புச் சத்தம் கேட்டு எழுந்துவிட்டாளோ. இல்லை, எல்லாவற்றையும் தானே செய்துவிட்டால் இவனுக்கென்று ஒன்றும் இருக்காது என்று விட்டுவைத்தாளோ. எதோடு கட்டுவது என்று தேடினான், பக்கவாட்டுக் கோட்டோடு கட்டினால் வேறு எங்கோ சிவந்தது, அவசரமாகத் திரும்ப அவிழ்த்தான். தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை.

"ஏங்க, தம்பி கிளம்பிட்டானாம்." அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது, சாதாரணக் குரல்தான். பிறகு சற்று விட்டு, "உங்க வேலை சரியா வந்துச்சா?"

வந்துச்சு. ஒரே வார்த்தை, நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, அவளே தட்டில் வைத்து நீட்டுகிற பொய், எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி... இஸ்திரிப் பெட்டி துணிமேல் ஓடும் சத்தம் நின்றிருந்தது. அவளும் காத்துக்கொண்டிருக்கிறாளா? அந்த நாற்காலி போன நாளிலிருந்தே தானும் காத்துக்கொண்டிருந்ததாக அவனுக்கு இப்போதுதான் தோன்றியது, கேட்க வேண்டியவனே கேட்காமல் உட்கார்ந்துகொண்டு எதற்காகக் காத்திருந்தான் என்பதுதான் புரியவில்லை. எழுந்தான். அறை வாசல் வரை போனான். அவள் அவனுடைய சட்டைக் காலரைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ கட்டினதெல்லாம் சரியா இருக்கு" என்றான். "ஒரு கோடு மட்டும் இன்னும் நீலமாவே நிக்குது. எதோட கட்டணும்னு எனக்குத் தெரியல. நாற்காலிய நானே தூக்கிட்டு வர்றேன்... பழையபடி பக்கத்துல வந்து உக்காருவியா?"