எந்தக் குழாய்

கடிகாரம் பழுதுபார்ப்பவரின் மனைவி வீட்டைவிட்டுப் போய் நான்கு மாதம். தண்ணீர்ச் செடிகள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியை மட்டும், தனி வீடு கிடைத்ததும் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். வரும்போது அது பச்சைப்பசேலென்று இருந்தால் ஒரு வாய் காப்பி குடிப்பாள், குடித்தால் உட்காருவாள், உட்கார்ந்தால் பேசலாம் என்று கடிகாரக்காரர் மனக்கோட்டை கட்டியிருந்தார். செடிகளோ இலை இலையாகக் கரைந்துகொண்டிருந்தன.

வீட்டின் மூன்று குழாய்களிலும் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு வண்ணமீன் கடைக்குப் போனார். கடைக்காரர் ஒவ்வொன்றிலும் சொட்டு மருந்து விட்டு நிறம் பார்த்தார்.

"சமையலறை ஃபில்டர் தண்ணில சத்தே இல்ல, செடிக்குப் பட்டினி. குளியலறை போர் தண்ணி ஒரே சுண்ணாம்பு, சுவத்துக்கு வெள்ளையே அடிக்கலாம். பால்கனித் தண்ணில குளோரின் தூக்கல். இப்ப எதை ஊத்துறீங்க?"

"ஃபில்டர். சுத்தமா இருக்கேன்னு."

"முன்னாடி?"

"அவதான் ஊத்துவா."

"எந்தக் குழாய்?"

கடிகாரக்காரர் தலையைச் சொறிந்தார்.

"என்னண்ணே, ஒரே வீட்லதானே இருந்தீங்க?" கடைக்காரர் சிரித்தார். "கேட்டுச் சொல்லுங்க. செடிக்குப் பழகின தண்ணிதான் இப்ப மருந்து."

வாசலில் நின்று மனைவிக்குப் போன் செய்தார். எந்தக் குழாய்த் தண்ணீர் என்று கேட்டார்.

"பதினோரு வருஷம். வாரம் ரெண்டு வாளி. உங்க ரிப்பேர் மேசையைத் தாண்டித்தான் தூக்கிட்டு வருவேன். காலைத் தூக்குங்கம்பேன், தூக்குவீங்க. ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கலையா?"

காலைத் தூக்கியது நினைவிருந்தது. வாளி எங்கிருந்து வந்தது என்பது நினைவில்லை.

"பால்கனிதானே?" என்றார்.

"பால்கனி தொட்டிக்குப் பக்கத்துலயே இருக்கு. அதுக்கு எதுக்கு உங்க மேசையைத் தாண்டணும்?"

அவர் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார். அவளே சொன்னாள்:

"ஃபில்டர் ஒரு வாளி, குளியலறை ஒரு வாளி. கலந்து ஊத்துங்க."

"பிழைச்சிடும். நீ எப்ப எடுக்க வர்ற?"

"வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க." இணைப்பு அறுந்தது.

உள்ளே போய்க் கடைக்காரரிடம் கலவையைச் சொன்னார்.

"அட! குளோரினும் இல்ல, சுண்ணாம்பும் பாதியாயிடும். கெட்டிக்காரங்கண்ணே! அண்ணிய ஒருநாள் கூட்டிட்டு வாங்க, பார்க்கணும்."

"அவ இனி வரமாட்டா தம்பி."

அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுவே முதல்முறை.