அடுப்புக்குப் பின்னால் ஒரு கை

எங்கள் கடை பேராலயத்தின் வடக்குச் சுவரோடு ஒட்டி நிற்கிறது. அந்த உயரத்துக் கல்கூரை சுவரை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சுவர் சாயாமல் பிடித்துக்கொள்ள வெளியிலிருந்து கல் கைகள் வளைந்து இறங்குகின்றன. ஒவ்வொரு கையும் ஒரு பருத்த தூணில் ஊன்றி முடியும். ஒன்று மட்டும் எங்கள் கூரைக்குள் புகுந்து காணாமல் போகிறது. அது எங்கே ஊன்றுகிறது என்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்கு ஒரே அரிப்பு. கேட்டாலே என் புருஷன் ஃபெர்மின் எரிந்து விழுவான்.

"உனக்கெதுக்குடி அந்த ஆராய்ச்சி? சந்தியாகோ கோயிலுக்கு யாத்திரையா நடந்து போறவனுக்கு பூண்டு சூப்பு ஊத்துறதோட நில்லு."

இந்த வசந்தத்தில் இடி விழுந்தது. கோயிலை ஒட்டிய கடைகளை இடித்து, கல் கைகளின் அழகு தெரியும்படி செய்யப் போகிறார்களாம். அளவெடுக்க லேயாந்த்ரோ என்ற பொறியாளர் வருகிறார் என்றதும் ஃபெர்மின் சாந்து குழைத்தான். அடுப்புக்குப் பின்னால் கரியேறிக் கிடந்த பழைய கல்லையெல்லாம் பூசி மூடி, மேலே கால்பந்து காலண்டரையும் மாட்டினான்.

"கோயில் கல்லுன்னு பாத்துட்டான்னா, இடமும் கோயிலோடதுன்னு சொல்லிடுவான்."

எனக்கும் பயம்தான். அந்தக் கடையை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது. ஆனாலும் மறுநாள் அவன் ரொட்டி வாங்கப் போனதும் பாழாய்ப்போன கை சும்மா இருக்கவில்லை. கரண்டியால் சுரண்டினேன். ஈரச் சாந்து பல வருஷத்துக் கரியையும் சேர்த்துக்கொண்டு பாளம் பாளமாக விழுந்தது. செதுக்கிய திராட்சை இலை ஒன்று தெரிந்தது. அதற்குக் கீழே, தோள் உயரத்தில், ஐந்து விரலும் பதிந்த ஒரு பள்ளம். கையை வைத்தேன். வழவழவென்று அப்படியே பொருந்தியது. அடுப்பங்கரைச் சுவரை எத்தனை ஆயிரம் பேர், எதற்காகத் தொட்டார்கள்?

"அடிப்பாவி! வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டியே!" வாசலில் ஃபெர்மின். அவன் பின்னாலேயே லேயாந்த்ரோ.

அந்த மனிதர் வணக்கம்கூடச் சொல்லாமல் பள்ளத்தையே பார்த்தார்.

"இது பழைய வாசல் மண்டபத்துத் தூண். மலை தாண்டி வந்த யாத்ரீகர்கள் இதைத் தொட்டுட்டுத்தான் உள்ள போயிருக்காங்க. வாசலை அடைச்சப்போ, மண்டபம் உங்க அடுப்பங்கரை ஆயிடுச்சு."

"கேட்டியாடி? எடம் அவங்களோடதாம்," என்றான் ஃபெர்மின். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

லேயாந்த்ரோ ஏணி கேட்டு கூரைமேல் ஏறினார். இறங்கும்போது தலையெல்லாம் தூசி.

"உங்க கூரைக்குள்ள வர்ற அந்தக் கல் கைக்குத் தனித் தூணே கட்டலைங்க. இருந்த மண்டபத் தூணு மேலயே ஊன்றிட்டாங்க. உங்க சுவரு ரெண்டும்தான் அதை அசையாம பிடிச்சிருக்கு."

"அப்போ கடைய இடிச்சா?" என்றேன்.

"கோயில் கூரை கீழ வந்துடும். கடையத் தொட முடியாது. பூச்சை மட்டும் பாத்திருந்தா சாதாச் சுவருன்னு இடிக்கச் சொல்லிட்டுப் போயிருப்பேன்மா."

நான் ஃபெர்மினைப் பார்த்த பார்வையில் அவன் தலையைக் குனிந்துகொண்டான். லேயாந்த்ரோவுக்கு சூப்பு ஊற்றிவிட்டுத் திரும்பினால், கல்யாணத்துக்குப் பிறகு கோயில் படி மிதிக்காத அந்த மனுஷன், ஈரக் கையைத் துண்டில் துடைத்துவிட்டுப் பள்ளத்தில் வைத்துக்கொண்டு நிற்கிறான்.

"யோவ், என்னய்யா வேண்டிக்கிட்ட?"

"வேண்டிக்கல. கோயில் நம்ம மேல எவ்ளோ பாரமா சாஞ்சிருக்குன்னு பாத்தேன்."

கையை மட்டும் எடுக்கவில்லை.