புகை திரும்பிய பக்கம்

மலையிலிருந்து ஆடுகளை இறக்கும் நாளில் ஈவார் முதல்முறையாக வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி சுன்னிவா அவன் மடியில் கம்பளியைப் போர்த்திவிட்டு மற்றவர்களோடு மேலே ஏறிப் போனாள். அவளுடைய அண்ணன் ஹால்வர் மட்டும் போகவில்லை. வேலிக் கதவுக்கு ஓர் ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டு அதைப் பிடித்தபடி நின்றான். கதவு தானாகவே நின்றது.

"என்ன மச்சான், காத்து வாங்க வந்தியா? நல்ல காத்தெல்லாம் உங்க ஊர்லதானே இருக்கு" என்றான் ஈவார். சிரிக்கப் போனவனை இருமல் பிடித்துக்கொண்டது.

பழைய கிண்டல்தான். மலைக்கு அந்தப் பக்கம் ஹால்வரின் ஊர் ஹெல்லவீக், இந்தப் பக்கம் ஈவாரின் ஊர் ஓர்தால். இரண்டுக்கும் நடுவே ஒற்றைச் சுரங்கச் சாலை. தீயணைப்பு வண்டி ஹெல்லவீக்கில் மட்டுமே உண்டு. அதன் குழுவுக்கு ஹால்வர்தான் தலைவன். அணைக்கப் போகிறவர்களுக்கு முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வர வேண்டும். ஆகவே உள்ளே எங்கே தீப்பிடித்தாலும் கூரை விசிறிகள் புகையை ஓர்தால் பக்கமே தள்ளும். "காத்து உங்களுக்கு, புகை எங்களுக்கு" என்று கல்யாண வீட்டில்கூடச் சிரிப்பார்கள். ஏப்ரலுக்குப் பிறகு ஈவாரைத் தவிர யாரும் அதைச் சொல்வதில்லை.

ஏப்ரலில் ஒரு மீன் லாரி உள்ளே எரிந்தது. அன்று மலைக்காற்று எதிர்த்திசையில் அடித்ததால் புகை ஹெல்லவீக் வாசலில் பொங்கிக்கொண்டிருந்தது. "வழக்கமான பக்கந்தானே?" என்று கட்டுப்பாட்டு அறைப் பெண் வாக்கி-டாக்கியில் கேட்டாள். "ஆமா, போடுங்க" என்றான் ஹால்வர். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று அவன் கேட்கவில்லை. விசிறிகள் சுழன்று புகை திரும்பியது. குழு உள்ளே போய் லாரிக்காரனையும் ஒரு தாயையும் இரண்டு பிள்ளைகளையும் தூக்கி வந்தது. லாரிக்கு அப்பால், கடைசியாகக் கிடைத்தவன் ஈவார். கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேனா என்று ஹால்வர் பலமுறை யோசித்துவிட்டான். சொல்லியிருக்க மாட்டேன் என்பதுதான் ஒவ்வொரு முறையும் வந்தது. ஆனாலும் கேட்டிருக்கலாம்.

"அடுத்த வாரம் கூட்டமாமே" என்றான் ஈவார். "விசிறி எந்தப் பக்கம்னு மறுபடி உன்னத்தான் கேப்பாங்களாம். என்ன சொல்லப்போற?"

மாற்றச் சொல்வேன் என்ற பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாற்றினால் அவன் ஆட்கள் உள்ளே நுழையவே முடியாது.

"அதே பக்கந்தான், மாப்ள."

ஈவார் மலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"புகை என்ன விட்டு விலகித்தான் போயிட்டிருந்துச்சு. பயமில்லன்னு கார்ல பாட்டுகூடப் போட்டேன். அப்புறம் அப்படியே நின்னு, திரும்புச்சு." மூச்சுக்காகக் கொஞ்சம் நிறுத்தினான். "மச்சான் வந்துட்டான்னு சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

ஹால்வர் கதவின் கம்பியை இறுக்கிப் பிடித்தான்.

மேலே மணிச்சத்தம் கேட்டது. சரிவில் வெள்ளையாக ஆடுகள் இறங்கின. ஒரு கூட்டம் பிரிந்து ஆற்றுப் பக்கம் ஓடியது. நாய் பாய்ந்து வந்து பாறைமேல் நின்று, கட்டளைக்காக ஈவாரைப் பார்த்தது. அவன் இரண்டு விரல்களை வாயில் வைத்து ஊதினான். வெறும் காற்றுதான் வந்தது. ஹால்வர் தன் விரல்களை வைத்து, பள்ளத்தாக்கே அதிரும்படி விசிலடித்தான்.

நாய் அவன் பக்கம் திரும்பவில்லை. ஈவாரின் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கியபடி நின்றது.