காலியாக விட்ட அறுபத்தொரு மணி

முனைவர் பக்தவச்சலத்தின் பெயருக்கு முன்னால் நான்கு பட்டங்கள், பின்னால் ஆறு. நடுவில் பெயரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அழைப்பிதழே முடிந்துவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு ரசாயன ஆலைக்கு அமைத்திருந்த பாதுகாப்பு ஆய்வுக் குழுவின் தலைவர் அவர். முன்பு ஒருமுறை கசிந்ததிலிருந்து பாதி அளவோடு ஓட்டிவந்த குளோரின் தொட்டியை இனி முழுதாக நிரப்பலாமா, கூடாதா என்று குழு சொல்ல வேண்டும். ஏழு பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஏழாவது ஆள் சங்கமித்ரா. புளியந்தோப்பில் பிறந்தவள், ஆய்வு நிறுவனம் ஒன்றில் வெடித்துச் சிதறும் நட்சத்திரங்களைக் கணக்கெடுப்பவள். "வடசென்னை ஈன்றெடுத்த விண்வெளி வீராங்கனை" என்று தலைவர் முதல் கூட்டத்திலேயே முழங்கினார். அவள் விமானத்திலேயே இரண்டு தடவைதான் ஏறியிருக்கிறாள். "பிரபஞ்சத்தின் எழுபது விழுக்காட்டை அளந்தவர்" என்றும் சொன்னார். அது என்னவென்று யாருக்கும் தெரியாது, தெரியாததற்குத்தான் இருண்ட ஆற்றல் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று திருத்தப் பார்த்தாள். அதற்குள் பொன்னாடை வந்து வாயை மூடிவிட்டது.

அவள் பிழைப்பு இதுதான். ஒருவகை நட்சத்திரம் வெடிக்கும்போது ஏறக்குறைய ஒரே அளவு வெளிச்சம் தரும். தெருவிளக்கு மாதிரி, மங்கலாகத் தெரிந்தால் தொலைவில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தொலைவை வைத்துப் பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்று கணக்குப் போடுவார்கள். சிக்கல் என்னவென்றால், வெகு தொலைவில் வெடித்தவற்றில் பிரகாசமானவை மட்டுமே தொலைநோக்கியில் விழும். மங்கல் எல்லாம் கண்ணில் படாமலே போய்விடும். பட்டதை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் பிரபஞ்சமே கோணலாகிவிடும். ஆகவே கணினிக்குள் லட்சக்கணக்கில் பொய் நட்சத்திரங்களை வெடிக்க வைத்து, எத்தனை தவறிப்போகின்றன என்று பார்த்து, தவறியதற்கும் கணக்கில் இடம் கொடுக்க வேண்டும்.

ஆலைச் சுவரில் வாயுவை அளக்கும் மீட்டரின் ஓராண்டுப் பதிவு அவளிடம் வந்தது. மணிக்கு ஓர் எண். எல்லாம் சாதுவான எண்கள். அறுபத்தொரு மணி மட்டும் காலி. கருவிக் கோளாறு, நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, விட்டுத்தள்ளலாம் என்று குறிப்பு எழுதியிருந்தார்கள்.

அவள் காலிக்கு முந்தைய மணிகளைப் பார்த்தாள். வருடத்தில் ஒன்பது தடவை மீட்டர் காலியாகியிருந்தது. ஒன்பது தடவையும் அதற்கு முன் எண்கள் ஏறிக்கொண்டே வந்திருந்தன.

மீட்டர்களுக்குப் பொறுப்பான பொறியாளர் ஷிபினுக்குப் போன் போட்டாள். நாகர்கோவில்காரன். மெல்லப் பேசினான்.

"அளவு மேல போச்சுன்னா மீட்டருக்குக் காட்டத் தெரியாது மேடம். காலியா விட்டுரும். கோளாறுன்னு பதிஞ்சிரும்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எழுதிக் குடுத்தேன். யாரும் படிச்ச மாதிரி தெரியல."

சங்கமித்ராவின் தங்கை மதி குடியிருப்பது எர்ணாவூரில், அந்தச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில். எட்டு மாதக் கைக்குழந்தை. பயந்துகொண்டு போடுகிற கணக்கு பயத்தையே விடையாகத் தரும் என்று சங்கமித்ராவுக்குத் தெரியும். நட்சத்திரக்காரர்களுக்கும் இதே வியாதி உண்டு. பிடித்த விடை வரும்வரை கணக்கைத் திருத்துவார்கள், வந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதனால்தான் விடையைத் தங்களிடமிருந்தே மறைத்து வைத்து, வழிமுறையை முடித்துப் பூட்டிய பிறகு திறக்கிறார்கள். அவளும் அப்படியே செய்தாள். திறக்காத விடையோடு ராயபுரத்தில் நடந்த கடைசிக் கூட்டத்துக்கு வந்தாள்.

"ஆகா! திரை விலக்கும் வைபவம்!" என்று பக்தவச்சலம் போட்டோகிராபரைக் கூப்பிட்டார்.

அவள் மடிக்கணினியில் விசையைத் தட்டினாள். காலியான மணிகளில் குளோரின் குறைந்தபட்சம் அபாய அளவைப்போல மூன்று மடங்கு. ஒரு காலிக்கும் அடுத்த காலிக்கும் நடுவே எழுபத்தொரு நாள், அறுபது, அறுபத்திரண்டு, முப்பத்து மூன்று, முப்பத்தைந்து, பதினான்கு, பதினாறு, ஏழு. தொட்டியை முழுதாக நிரப்பினால் முதல் வாரத்திலேயே பெரிதாகக் கசிய, பத்துக்கு மூன்று வாய்ப்பு.

போட்டோகிராபர் கேமராவை இறக்கினார். பக்தவச்சலம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது ஊகம்தானே அம்மா?"

"கணக்குங்க ஐயா."

"காணாததைக் காண்பது வானியலாளருக்கு அழகு. பாதுகாப்புக் குழுவுக்கு அது அழகல்ல." வாக்கியம் அவருக்கே பிடித்துவிட்டது. குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னார். "காலியிடங்களைச் சராசரியால் நிரப்பலாம் என்று முன்மொழிகிறேன்."

"ஐயா, அந்த நட்சத்திரமெல்லாம் வெடிச்சு முடிஞ்சது. அதுல நான் தப்பு பண்ணா யாருக்கும் மூச்சு முட்டாது."

"உணர்ச்சிவசப்படக் கூடாது."

ஆறு பேர் கையெழுத்துப் போட்டார்கள். ஏழாவது இடம் வெறுமையாகத் தெரிகிறது என்று தலைவர் வருத்தப்பட்டு, அங்கே வட்ட முத்திரையைக் குத்தச் சொன்னார். பிறகு சாப்பாடு வந்தது.

கூட்டத்துக்கு வந்திருந்த ஷிபின் மாடிப்படியில் அவள் பின்னாலேயே வந்தான்.

"மேடம், இன்னிக்கு நாலு மணிக்கே நெறைக்க ஆரம்பிக்காங்க. கடல்காத்து ஊருப் பக்கமா அடிக்கிற நேரம்."

"உங்க வீடு எங்க ஷிபின்?"

"அங்கனதான். எர்ணாவூர்." தலையைக் குனிந்துகொண்டான். "வீட்டுக்காரியையும் பிள்ளையளையும் போன மாசமே நாரோயிலுக்கு அனுப்பிட்டேன்."

"பக்கத்து வீட்டுல என்ன சொன்னீங்க?"

"லீவுக்குப் போறாங்கன்னு."

கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து, அவள் எர்ணாவூரில் இறங்கும்போது மூன்று இருபது.

"இன்னாக்கா, திடுதிப்புனு வந்து நிக்கிற? சோறு துன்றியா?" என்றாள் மதி.

"புள்ளையத் தூக்கு. கெளம்பு."

"அம்மாவுக்கு எதுனா ஆயிடுச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆவறதுக்கு முன்ன கெளம்புடி."

அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு மதி குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். பால் புட்டியையும் நாலு துணியையும் பையில் திணித்தாள். பூட்டுப் போட்டார்கள். முகத்தில் உப்புக்காற்று அடித்தது.

தெருமுனையில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஞானபாக்கியம், தூத்துக்குடிப் பக்கத்துக்காரி, பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மதி, பையும் கையுமா எங்க? பிள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லையா?"

மதி அக்காவைப் பார்த்தாள். அக்காவின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. ஊருக்கு. ஒரே சொல். சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோவில் ஏறினால் முடிந்தது. ஷிபினும் இவ்வளவுதானே செய்தான்? அவன் கீழ்ப்படியைப் பார்த்துக்கொண்டே 'லீவு' என்று சொன்ன விதம் அவளுக்கு நினைவுக்கு வந்தது.

"அக்கா, கடைய சாத்துங்க" என்றாள். "நாலு மணிக்கு அந்தத் தொட்டிய நெறப்பறாங்க. கசியலாம். எல்லாரும் தெக்கால போயிடணும்."

"நெசமாவா?"

"நிச்சயமாத் தெரியாது. பத்துக்கு மூணு."

ஞானபாக்கியம் தராசைக் கீழே வைத்தாள். "பத்து பஸ்ஸுல மூணு கவுரும்னா நான் எந்த பஸ்ஸுல ஏறுவேன்? இத நான் கேட்ட பொறவுதான் சொல்லுவியோ? பெரிய படிப்பு படிச்சவ!"

ஷட்டரை இழுத்துவிட்டு, இரண்டு கிலோ எடைக்கல்லால் அதன்மேல் ஓங்கி அடித்தாள். "ஏ, எல்லாரும் வெளிய வாங்க!"

கதவுகள் திறந்தன. சிலர் குழந்தைகளோடு நடந்தார்கள். சிலர் சிரித்தார்கள். "தண்ணி லாரி வர்ற டைமு. கொடத்த வுட்டுட்டு எவ போவா? போமே!" என்றாள் ஒருத்தி.

சங்கமித்ரா இடப்பக்க வீடுகளைத் தட்டிக்கொண்டே வந்தாள். ஆறாவது கதவு திறக்கவில்லை. ஜன்னலும் சாத்தியிருந்தது.

"அது நைட் ஷிப்ட்டுக்காரன் வூடுக்கா" என்று மதி தெருமுனையிலிருந்து கத்தினாள். "உள்ள கீறானா இல்லியான்னே தெரியாது. நீ வா!"

மூன்று ஐம்பது. ஆலைச் சுவருக்கு அப்பால் பம்பு ஓடத் தொடங்கியது. சம்பளத்திலிருந்து சாம்பல் அள்ளுவது வரை எதையும் சொன்ன நேரத்துக்குச் செய்யாத ஆலை, இன்றைக்குப் பத்து நிமிடம் முந்திக்கொண்டது. காற்றில் பிளீச்சிங் பவுடர் நெடி லேசாக வந்தது. அல்லது வந்தது போல இருந்தது.

உள்ளே சத்தமில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்து, அவள் மறுபடியும் அந்தக் கதவை அடித்தாள்.