குழாய்க்குப் போட்ட கட்டு

எங்கள் வீட்டுக்கு அடியில் ஒரு நிலவறை உண்டு. வீட்டின் வயதை யாராவது கேட்டால் சுவர் விரிசலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அந்த நிலவறையில்தான் என் மனைவி தையல் மெஷின் போட்டிருக்கிறாள். இந்த மழைக்கு அங்கே கணுக்கால் அளவு தண்ணீர் ஏறிவிட்டது.

நான் மருந்துக்கடையில் நிற்கிறவன். டாக்டர்களின் கையெழுத்தைப் படிப்பதைத் தவிர வேறு வித்தை தெரியாது. இருந்தாலும் சும்மா இருக்க முடியுமா? நீர் புகாத பெயிண்ட் வாங்கிவந்து, மூட்டுவலிக்குத் தைலம் தடவுகிற பக்குவத்தோடு சுவரின் உள்பக்கம் மூன்று தடவை பூசினேன். நான்காம் நாள் பெயிண்ட் கொப்பளித்தது. மனிதத் தோலில் கொப்பளம் வந்தால் என்ன தடவ வேண்டும் என்று எனக்குத் தெரியும். சுவருக்கு என்ன தடவுவது என்று தெரியவில்லை.

"அக்கா வீட்டு மாடி ரூம் சும்மாதானங்க கெடக்கு. மெஷின அங்க போட்டுக்கறேன். காலைல போனா சாயந்தரம் வந்துடுவேன்" என்றாள் மனைவி.

அக்கா வீடு என்றால் என் சகலை வீடு. மனிதர் லிஃப்ட் மெக்கானிக். அவர் வீட்டில் கதவு கிறீச்சிடாது, குழாய் சொட்டாது, அவருக்கு முடிகூடக் கொட்டாது. ஐம்பது வயதில் ஒரு மனுஷனுக்கு அத்தனை முடி எதற்கு? நாள் முழுக்க அந்தச் சொட்டாத குழாய்களுக்கு நடுவே இருந்துவிட்டு வருகிறவள், வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்தால் என்ன நினைப்பாள்? வயிறு எரிந்தது. கடையில் அதற்கும் மாத்திரை இருக்கிறது. போட்டுப் பார்த்தேன், கேட்கவில்லை.

"எதுக்கும் அக்கா வீட்டு மாமாவ ஒரு தடவ வந்து பாக்கச் சொல்லட்டுமா?"

"சொல்லேன். அவருக்கும் பொழுது போகணும்ல."

சனிக்கிழமை வந்தார். "என்ன சகல, கீழ நீச்சல்குளம் வச்சிருக்கீங்களாமே, சொல்லவே இல்ல?"

நான் சிரித்ததாகப் பேர் பண்ணினேன். அவர் ஒரு பாலித்தீன் ஷீட்டை எடுத்து, சுவரில் பெயிண்ட் உரிந்த இடத்தில் நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டினார்.

"லிஃப்ட் குழியில தண்ணி நிக்கிறது எங்களுக்கு தெனம் பாக்குறதுதாம்மா. நாளைக்கு இந்த ஷீட்டுக்கு முன்பக்கம் வேர்த்திருந்தா ரூம் காத்துல இருக்கற ஈரம். பின்பக்கம் வேர்த்திருந்தா வெளிய இருந்து வருது."

மனைவி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பெயிண்ட் டப்பாவில் எழுதியிருந்ததை நான் அரைமணி நேரம் விளக்கியபோது அந்தத் தலை ஒரு தடவைகூட ஆடவில்லை.

மறுநாள் அவர் வந்ததும் போய்ப் பார்த்தோம். ஷீட்டின் பின்பக்கம் முத்து முத்தாக நீர். "வெளிய ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு வரலாம், வாங்க" என்றார். மனைவி டீ போடப் போனாள்.

வீட்டின் பின்பக்கம், கூரையிலிருந்து இறங்கும் மழைத்தண்ணீர்க் குழாயின் முனை சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அடியில் மண் அரித்துக் குண்டான் மாதிரிக் குழி. வளைவைச் சுற்றி, கை முறிந்தவனுக்குக் கட்டு போட்டதுபோல், வெள்ளை வெளேரென்று மருந்துக்கடைப் பிளாஸ்திரி. குழாய்க்குப் பிளாஸ்திரி போடுகிற மூளை இந்தத் தெருவிலேயே ஒன்றுதான் இருக்கிறது.

போன மழைக்கு அந்தக் குழாய்த் தண்ணீர் பின்வாசல் படியில் கொட்டி, மனைவி வழுக்கி விழுந்து ஒரு வாரம் நொண்டினாள். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது குழாயைத் திருப்பிக் கட்டிவிட்டேன். தண்ணீர் அவள் காலடிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் அன்றைக்குத் தோன்றியது. வேறெங்கே போகும் என்று யோசிக்கவில்லை.

சகலை பிளாஸ்திரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதை உரித்து உருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டீயோடு வந்த மனைவியிடம், "பழைய குழாய்மா. தானா செவுத்துப் பக்கம் திரும்பிருக்கு. யார் மேலயும் தப்பில்ல" என்றார்.

எனக்குத் தாங்கவில்லை. கைவேலை அவருக்கு இருக்கட்டும், முடியும் இருக்கட்டும். நல்ல மனசும் அவருக்கே என்றால் எனக்கு என்னதான் மிச்சம்?

"தானா ஒண்ணும் திரும்பல. நான்தான் திருப்பினேன். பிளாஸ்திரி அவர் பாக்கெட்ல இருக்கு, வேணும்னா பாரு."

"எதுக்குத் திருப்பினீங்க?"

"நீ விழுந்தல்ல."

அவள் படியைப் பார்த்தாள். அப்புறம் குழியைப் பார்த்தாள்.

சகலை தொண்டையைச் செருமினார். "நீளமா ஒரு துண்டு மாட்டினா தண்ணி வேலிப் பக்கம் போயிடும். படியும் நனையாது, செவரும் நனையாது. வண்டியில குழாய் இருக்கு, நானே மாட்டிடறேன்மா."

"வேணாம் மாமா. நீங்க உக்காந்து டீ குடிங்க. அவரே மாட்டட்டும்." வாளியை எடுத்துக்கொண்டாள். "நான் கீழ தண்ணிய எறைக்கறேன். மெஷின் எங்கயும் போகல."

புதுக் குழாயோடு குழிக்குப் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்தேன். குழாயின் இரண்டு வாயும் இரண்டு விதமாக இருந்தன. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் நிலவறைப் படியில் இறங்கி மறையும்வரை காத்திருந்தேன்.

"சகல, எந்தப் பக்கம் மேல வரும்?" உதடு அசையாமல் கேட்டேன்.

"அகல வாய் மேல" என்றார், டீயை ஊதிக்கொண்டே, வேறெங்கோ பார்த்தபடி.