ஒன்றரை வோல்ட் தரகு

முந்நூறு வான்கோழி உயிர்களின் விலை ஆயிரத்து நானூறு நைரா. சுண்டுவிரல் நகத்தளவு கறுப்புச் சில்லு, எட்டுக் கால், அவ்வளவுதான். அந்த விலையைப் பேரம் பேசாமலே கொடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் தயாராக இருந்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். நைஜீரியாவின் ஓனிட்சா சந்தையில் ஒரு மூட்டைக் கருவாட்டுக்குப் பேரத்தை முடித்துவிட்டுத்தான் என் அம்மா என்னைப் பெறவே போனாள்.

முட்டையிலிருந்து குஞ்சு பொரிக்கும் பெட்டி செய்து விற்பது எங்கள் தொழில். மரமும் தகரமும் விற்பனையும் என் பாடு. உள்ளே இருக்கும் மின்பலகை, பாதிப் பங்காளியான முனாச்சியின் பாடு. அவள் பொறியியல் படித்தவள். அவளுக்குப் பேரம் வராது, எனக்கு வோல்ட் கணக்கு வராது. அதனால் எங்களுக்குள் சண்டை குறைவு.

சூட்டை அளக்கும் சென்சார் ஒரு டிகிரிக்குப் பத்து மில்லிவோல்ட் என்று முணுமுணுக்கும். அந்த வோல்ட்டை எண்ணாக மாற்றுவது பலகையில் உள்ள ஏடிசி. அதற்குக் காது மந்தம். சைபரிலிருந்து ஐந்து வோல்ட் வரை உரக்கச் சொன்னால்தான் நுணுக்கமாகக் கேட்கும். நடுவில் நின்று முணுமுணுப்பைப் பத்து மடங்காக்கிச் சொல்கிறவன்தான் ஆப் ஆம்ப். முனாச்சி இதை எனக்கு விளக்கியபோது, “தரகன்னு சொல்லேன், ஏன் சுத்தி வளைக்கிற?” என்றேன்.

அவள் பட்டியலில் தேர்ந்து எழுதிய ஆப் ஆம்ப், நாங்கள் சரக்கு வாங்கப் போன அன்று ஈஜிகே கடையில் தீர்ந்திருந்தது. ஈஜிகே சந்தையில் சில்லு விற்கிறவன், பள்ளிக்கூட நாளிலிருந்தே என் கூட்டாளி. “இது இருக்கு. அதே எட்டுக் கால், அதே வேலை. முந்நூறு நைரா,” என்று வேறொன்றை எடுத்து வைத்தான்.

எங்கள் சந்தையில் சோதிக்காமல் எதையும் யாரும் கொண்டுபோவதில்லை. கடையை விட்டு இறங்கிவிட்டால் சரக்கு வாங்கியவனுடையது. கரண்டை நம்ப முடியாது என்பதால் ஒவ்வொரு மேசையிலும் ஒரு கார் பேட்டரி இருக்கும். அதில் இணைத்து, சென்சாரைச் சூடான தேநீர்க் குவளையில் ஒட்டிப் பார்த்தோம். மீட்டர் நாலு வோல்ட்டைத் தாண்டி அழகாக ஏறியது. கண்ணால் கண்டபின் முனாச்சியும் தலையசைத்தாள்.

பெட்டியை வாங்கியவள் இஹியாலாவில் ரொட்டி விற்கும் காம்சி அம்மா. நாலு வருடம் காத்திருந்து கையில் வந்த சீட்டுப்பணம் முழுவதையும் வான்கோழி முட்டைகளில் போட்டிருந்தாள். அவை ஜோஸிலிருந்து இரவு பஸ்ஸில் வந்திருந்தன. ஒரு முட்டை அட்டையை வழியெல்லாம் மடியிலேயே வைத்திருந்தாளாம். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுப் பின்னறையில் பெட்டியை ஓடவிட்டு, தட்டுகளை அடுக்கினோம். முப்பத்தேழரை டிகிரி வேண்டும். எண் முப்பத்து நாலைக் கடந்தது, முப்பத்தைந்தைக் கடந்தது, 35.6-இல் நின்றது.

“முதலாளி, என் வான்கோழிக்குக் குளிருதாம்,” என்றாள் காம்சி அம்மா.

“கொஞ்சம் பொறுங்கக்கா. புதுப் பெட்டி, வெட்கப்படுது.”

“அது எதுக்குப் படணும்? நீங்க பட்டாப் போதும்.”

முனாச்சி கம்பிகளைத் தொட்டுப் பார்த்தாள். “ஹீட்டர் பத்தலண்ணே. வண்டில இன்னொண்ணு இருக்குல்ல, அதையும் போட்டுடலாம்.”

போய் எடுத்துவந்தேன். திருப்புளியைக் கையில் பிடித்தபடி எண்ணைப் பார்த்தேன். 35.6. ஒரு திருகைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தேன். 35.6. எனக்கு அந்த முகத்தை எங்கேயோ பார்த்தது போலிருந்தது.

“முனாச்சி, இது அசையவே இல்ல.”

“அதான்ணே சொல்றேன், சூடு பத்தல.”

“பத்தலன்னா ஒரு புள்ளியாவது மேல போய்க் கீழ வரும். இது கடைசி விலை சொல்லிட்ட கடைக்காரன் மாதிரி நிக்குது.”

ஒருவன் சொல்லும் கடைசி விலை நிஜமா என்று தெரிய ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: விட்டுவிட்டு நடப்பது. பெட்டியின் கதவை அகலத் திறந்தேன். அறைக்காற்று உள்ளே போனது. எண் இறங்க வேண்டும். இறங்கவில்லை.

முனாச்சி கையை உள்ளே விட்டாள், சட்டென்று இழுத்துக்கொண்டாள். “அக்கா, காம்சிக்குக் காய்ச்சல் பாக்கிற கருவி இருக்கா?”

அதை உள்ளே வைத்துப் பார்த்தோம். முப்பத்தொன்பது புள்ளி எட்டு. கதவு திறந்த பிறகும்.

மூன்று பேரும் தட்டுகளை வெளியே இழுத்துத் தரையில் வைத்தோம். கடைசித் தட்டை வைத்த பிறகுதான் காம்சி அம்மா கேட்டாள்: “வெந்துருச்சா?”

“இல்லக்கா,” என்றாள் முனாச்சி. “ஓட்டுல சூடு இப்பத்தான் ஏற ஆரம்பிச்சிருக்கு. ஆரம்பத்துல குளிரைத் தாங்கும், சூட்டைத்தான் தாங்காது. இன்னொரு ஹீட்டரையும் போட்டிருந்தோம்னா…” அவள் மீட்டரை எடுத்து ஆப் ஆம்ப்பின் காலில் வைத்தாள். மூன்றரை வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல். நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

“கடையில பேட்டரி பன்னெண்டு வோல்ட்டுண்ணே. நம்ம பலகையில அஞ்சுதான். இந்தச் சில்லு, தனக்குக் குடுக்கறதுல ஒன்றரை வோல்ட்டுக்கிட்ட பிடிச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தை விடும். அஞ்சு குடுத்தா மூன்றரைக்கு மேல ஏற வழியில்ல. உள்ள நாப்பதே ஆனாலும் ஏடிசிகிட்ட முப்பத்தஞ்சரைன்னுதான் சொல்லும். ஹீட்டர் நிக்கவே நிக்காது.”

“தரகு எடுக்குறான்.”

“ஆமா.”

“பன்னெண்டுல ஒன்றரை போனா யாருக்குத் தெரியும்.”

“நான் எழுதின சில்லு, குடுத்த அஞ்சோட விளிம்பு வரைக்கும் போகும். தரகே இல்லன்னு வச்சுக்கங்க. எதுக்காக அதை எழுதினேன்னு அந்த மீட்டரைப் பாத்ததும் எனக்கே மறந்துபோச்சு.”

“பத்து மடங்கை அஞ்சாக்கிட்டா இவனே போதாதா?”

“போதும். ஆனா ஏடிசி எண்ணுற படி ரெட்டிப்பாயிடும், நுணுக்கம் போயிடும். நிரலையும் மாத்தணும், கம்ப்யூட்டர் ஓனிட்சாவுல இருக்கு.”

ஈஜிகேவைக் கைபேசியில் அழைத்தேன். சந்தை விடுமுறை, சந்தை வழக்கப்படி அவனுக்கு எங்களிடம் ஒரு கடமையும் இல்லை. சண்டைக்கு வேண்டிய சொற்களை வரிசையாக வைத்திருந்தேன்.

“எத்தனை வோல்ட்ல மாட்டினீங்க?” என்றான்.

“அஞ்சு.”

“என் பேட்டரி பன்னெண்டாச்சே,” என்றான். “நீங்க கேட்ட சரக்கு முந்தாநாள் வந்துச்சு. எங்க இருக்கீங்க?”

என் சொற்களெல்லாம் வீணாயின. மாதா கோயிலிலிருந்து நேரே சந்தைக்குப் போய், காவல்காரனைக் கெஞ்சிக் கடையைத் திறந்து, வாடகை மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். சிங்கமுகம் போட்ட விசேஷச் சட்டை செம்மண் நிறமாகியிருந்தது. சட்டைப் பையில் கறுப்புப் பஞ்சில் குத்திய சில்லு.

முனாச்சி பழையதைப் பிடுங்கிப் புதியதை அழுத்தினாள். எண் ஏறியது. முப்பத்தைந்தரையை நிற்காமல் கடந்தது. முப்பத்தேழரையில் பெட்டிக்குள் ‘டிக்’ என்றது.

“அது என்ன?” என்றாள் காம்சி அம்மா.

“ஹீட்டர் நின்னுடுச்சுக்கா. போதும்ங்குது.”

அவள் தரையில் முட்டைகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒரு ‘டிக்’ கேட்கும்வரை யாரையும் தட்டுகளைத் தொடவிடவில்லை.

பணத்தை நீட்டினேன். ஈஜிகே கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். “ஞாயித்துக்கிழமை நான் விக்கறதில்ல.”

“வண்டிக்கூலியாவது வாங்குடா.”

“சோறு இருக்கா?”

இருந்தது. இரண்டு தட்டுச் சாப்பிட்டான். காம்சி அம்மா தன் பங்கு இறைச்சியையும் அவன் தட்டில் வைத்தாள்.

இப்போது அவன் மேசையில் பேட்டரிக்குப் பக்கத்தில் ஐந்து வோல்ட் தரும் ஒரு கைபேசிச் சார்ஜரும் இருக்கிறது. சில்லைக் கையில் கொடுக்குமுன், “உங்க பலகை எத்தனை வோல்ட் குடிக்குது?” என்று கேட்கிறான். சிலர் சிரிக்கிறார்கள். அவன் சிரிப்பதில்லை.

குஞ்சுகள் பொரிந்து முடிந்ததும் கணக்குப் பார்த்தோம். முட்டை முந்நூறு, குஞ்சு இருநூற்று முப்பத்தொன்பது. காம்சி அம்மாவின் சீட்டுப்பணம் திரும்பியது, மேலே லாபமும் வந்தது. பெட்டிக்கு அவள் தரவேண்டியது முழுவதும் தீர்ந்தது. ஈஜிகேவுக்கு நாங்கள் தரவேண்டியது: சில்லு ஆயிரத்து நானூறு, வண்டிக்கூலி நாலாயிரம், சிங்கமுகச் சட்டை ஒன்று. கழிவு, சோறு இரண்டு தட்டு. மீதி நிற்கிறது.